கொழுந்து மடுவத்தில் கல்யாணப் படம் பிடிக்கும்போது

மலையகத் தேயிலைத் தோட்டங்களில், மண்டபம் இல்லாத டிவிசன்களில் (தோட்டப் பிரிவுகளில்) தாலி கட்டு கோயிலில் நடக்கும். வரவேற்பும் பந்தியும் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்திலோ, மூடிக்கிடக்கும் பழைய ஸ்டோரின் (தேயிலைத் தொழிற்சாலையின்) மேல்மாடியிலோ நடக்கும். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிற சோடிகள்கூட இப்போது இப்படிப்பட்ட இடங்களைத்தான் தேடுகிறார்கள். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலாகவே மாறிவிட்டது. ஹோட்டலில் லைட்டும் ஜெனரேட்டரும் தயாராக இருக்கும். தோட்டத்து மடுவத்தில் தகரக் கூரை, அரைச்சுவர், நடுவில் ஒன்றிரண்டு குழல் விளக்கு, அவ்வளவுதான். அங்கே வேலை செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். தை மாதக் கல்யாணம் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் என்றால் பெரும்பாலும் வெயில் கிடைக்கும். அதே தை மாதத்தில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை முழுசாக விட்டிருக்காது. வைகாசி முதல் ஆவணி வரை இது தலைகீழ்: தென்மேற்குக் காற்றில் ஹட்டன் பக்கம் நனையும், பதுளை, பண்டாரவளை அடங்கிய ஊவா காய்ந்து கிடக்கும். பங்குனி, ஐப்பசி என்றால் இரண்டு பக்கமும் காலை நன்றாக இருந்து பிற்பகலில் இடியோடு கொட்டும். சோடியைத் தனியாக நிறுத்தி எடுக்கும் படங்களை எப்போது வைப்பது என்பதை இதைக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் கணக்கு எப்போதும் ஒன்றுதான்: தாலி கட்டு முடிந்து பந்திக்கு முன்னால் இருபது நிமிடம். சாப்பிட்ட பிறகு எடுக்கலாம் என்று வீட்டார் சொல்வார்கள். இரண்டு மணிக்கெல்லாம் மலையில் மூடுபனி ஏறிவிடும், அதன்பின் இறங்கும் என்று நம்ப முடியாது. இந்த இருபது நிமிடத்தை முதல் நாளே மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் பேசிச் சம்மதம் வாங்குங்கள். அன்று பந்தியை நிறுத்திவைக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

இடத்தைப் பார்க்க முதல் நாள் போகும்போது, கல்யாணம் நடக்கும் அதே நேரத்தில் போங்கள். காலநிலைச் செயலி சூரியன் ஆறேகாலுக்கு உதிக்கும் என்று சொன்னாலும், கிழக்கே மலை நின்றால் வெயில் கோயில் வாசலுக்கு வர எட்டு மணியாகும். அப்படியே தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே மலை என்றால் தேயிலை நட்ட நிலத்துண்டு. எந்த மலையில் மருந்து அடித்திருக்கிறது? எது கவ்வாத்து வெட்டினது (செடியைக் கிளையோடு குறுக வெட்டினது)? எந்த மலையில் கொழுந்து எடுக்க இன்னும் நாள் இருக்கிறது? குளவிக் கூடு எங்கே? மருந்து அடித்த மலைக்குள் மணப்பெண்ணை இறக்கக் கூடாது. கவ்வாத்து வெட்டின மலை படத்தில் வெறும் குச்சிக்காடாகத்தான் விழும். கொழுந்து எடுத்த மறுநாள் அந்த இளம்பச்சை போய், மலை கரும்பச்சையாகத் தெரியும். குளவியை லேசாக எடுக்க வேண்டாம். தோட்டங்களில் குளவி கொட்டி உயிர் போனவர்கள் உண்டு. கூடு இருக்கிற மரம், பாறைப் பக்கம் பட்டாசும் வேண்டாம், ட்ரோனும் வேண்டாம். ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி வேண்டும், தோட்டத்து ஆபீசில் தொரையின் (தோட்ட முகாமையாளரின்) சம்மதமும் வேண்டும்.

கோயிலுக்குள் இடம் சிறியது. மணவறைக்கும் உங்களுக்கும் ஒன்றரை மீட்டர்தான் இருக்கும், ஆகவே 24–70 மி.மீ. லென்ஸ் ஒரு கெமராவிலும் 35 மி.மீ. இன்னொன்றிலும் போதும். எஃப் 2.8, சட்டர் 1/200, ஐ.எஸ்.ஓ. 3200 முதல் 6400 வரை என்று வைத்துப் பார்த்து, அங்கிருந்து கூட்டிக் குறையுங்கள். ஐயரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியது, மாப்பிள்ளையின் கை எந்தப் பக்கத்தால் வரும் என்பதுதான். நேர் முன்னால் நின்றால் கை மணப்பெண்ணின் முகத்தை மறைத்துவிடும். எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்வாக நின்றால் கையும் தாலியும் குனிந்த முகமும் ஒன்றாக விழும். கெட்டிமேளம் கேட்டதும் எல்லாரும் எழுந்து அட்சதை போடுவார்கள், அப்போது பின்னால் நிற்கும் இரண்டாவது ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. அவரை ஒரு ஸ்டூலில் ஏற்றிவிடுங்கள், மூன்றாவது முடிச்சுப் போடும் நாத்தனார் அவர் பொறுப்பு. ஓமப் புகைக்குள் கெமரா மேலிருந்து ப்ளாஷ் அடித்தால் புகைதான் வெள்ளையாக விழும், முகம் விழாது. கூறைச் சேலையின் சிவப்பு இன்னொரு தொல்லை. கெமரா காட்டும் பொதுவான வெளிச்ச வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் சிவப்புக்கான தனி வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். அப்படியே விட்டால் சேலையின் மடிப்பும் சரிகை வேலையும் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். வெளிச்ச அளவை மூன்றில் ஒரு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாகும் ஒரு படி) குறைத்து, ரோ (RAW) கோப்பாக எடுங்கள்.

பந்தலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழைக்குப் பயந்து நீலப் பிளாஸ்டிக் டெண்ட் கட்டுவார்கள். அதன் கீழே நின்றால் நெற்றியும் மூக்கும் நீலமாகவும், பக்கவாட்டில் திறந்த வெளியிலிருந்து வெளிச்சம் விழும் கன்னம் சரியான நிறத்திலும் இருக்கும். ஒரே முகத்தில் இரண்டு நிறம் இருந்தால் எந்த மென்பொருளிலும் முழுசாகத் திருத்த முடியாது. முதல் நாளே வீட்டாரிடம் சொல்லி, ஆட்கள் நிற்கும் இடத்துக்கு மேல் மட்டுமாவது வெள்ளை டெண்ட் போடச் சொல்லுங்கள். அதற்கு வழியில்லை என்றால் குடும்பப் படங்களைப் பந்தலின் ஓரத்துக்கு, வானம் தெரிகிற இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தேயிலையும் நிறம் ஏற்றும். இரண்டு பக்கமும் செடி நிற்க நடுவில் சோடியை நிறுத்திப் பாருங்கள், முகவாய்க்குக் கீழும் கழுத்திலும் பச்சை ஏறியிருக்கும். கெமராத் திரையில் இது அவ்வளவாகத் தெரியாது, அச்சில்தான் தெரியும். ரோட்டோரம் நிறுத்தி, தேயிலையைப் பின்னணியாக மட்டும் வைப்பது நல்லது. நனைந்த செடிக்குள் போனால் சரிகையும் கிழியும், அட்டையும் ஏறும்.

இனி மடுவம். கூரை உயரம், தகரம் பச்சையோ காவியோ பூசியது. அதில் ப்ளாஷை மேலே திருப்பி அடிப்பதில் பயனில்லை, திரும்பி வருவது பெயின்டின் நிறம்தான். பகலில் அரைச்சுவர் வழியே வரும் பக்கவாட்டு வெளிச்சத்தைப் போல அழகான வெளிச்சம் எந்த மண்டபத்திலும் கிடைக்காது. மணமக்கள் உட்காரும் இருக்கையைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே, வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும்படி போடச் சொல்லுங்கள். பின்னால் திறந்த பக்கம் வந்தால் முகம் இருண்டு வெளி வெளுத்துப்போகும். மாலையானதும் இரண்டு மூலையில் இரண்டு ப்ளாஷ், ஸ்டாண்டில், தலைக்கு மேல் உயரத்தில், பலம் 1/16 போதும். மஞ்சள் விளக்குக் கட்டியிருந்தால் ப்ளாஷுக்கும் மஞ்சள் ஜெல் (நிறத் தாள்) போடுங்கள், இல்லாவிட்டால் முகம் நீலமாகவும் பின்னணி மஞ்சளாகவும் வரும். ஸ்டாண்டின் காலில் உரப் பையில் மண் நிரப்பிக் கட்டுங்கள், காற்று ஒரு பக்கம், ஓடுகிற பிள்ளைகள் ஒரு பக்கம்.

மலிவான எல்.ஈ.டி. சரவிளக்குகளைக் கவனியுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே அவை விநாடிக்கு 100 தடவை மங்கி எரியும். ப்ளாஷ் இல்லாமல் எடுக்கும்போது சட்டரை 1/100 அல்லது 1/50 இல் வைத்தால் பட்டை விழாது. 1/250 வைத்தால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். ஒரே வயரில் ஸ்பீக்கரும் விளக்கும் ஓடும் இடத்தில் கரண்ட் எந்த நிமிடமும் போகலாம். பெட்டரிகளை முதல் நாளே சார்ஜ் செய்து, ஒரு ப்ளாஷுக்கு மூன்று செட் கொண்டுபோங்கள்.

பழைய ஸ்டோரின் மாடி என்றால் தரை பலகை. தப்பு மேளம் அடித்து ஆட்கள் ஆடத் தொடங்கினால் முக்காலி முழுவதும் அதிரும், வீடியோ பயன்படாது. முக்காலியை நடுத்தரையில் வைக்காமல் தூண் ஓரத்தில் வையுங்கள், அங்கே அதிர்வு குறைவு.

பனிக்குள் எடுப்பது வேறு வேலை. கெமராவின் ஒளி அளவி பனியைச் சாம்பலாக்கப் பார்க்கும், ஒரு ஸ்டொப் வரை கூட்டுங்கள். தூர லென்ஸ் வேண்டாம். உங்களுக்கும் சோடிக்கும் நடுவே எவ்வளவு பனி இருக்கிறதோ அவ்வளவுக்கு முகம் மங்கும். 35 லென்ஸோடு இரண்டு மீட்டருக்குள் போய் நில்லுங்கள். குவியம் (ஃபோகஸ்) பிடிக்காமல் லென்ஸ் அலைந்தால் பொட்டின் விளிம்பிலோ சரிகைக் கரையிலோ வைத்தால் பிடிக்கும். ப்ளாஷை முன்னாலிருந்து அடித்தால் பனித்துளிகள் வெள்ளைப் புள்ளியாக விழும். சோடிக்குப் பின்னால் வைத்தால் பனியே ஒளிரும், மலையகத்தில் மட்டும் கிடைக்கிற படம் அது. பிறகு, குளிர்ந்த கெமராவோடு ஆட்கள் நிறைந்த மடுவத்துக்குள்ளோ சமையல் நடக்கும் இடத்துக்கோ நுழைந்தால் லென்ஸில் ஆவி படியும். துணியால் துடைத்தால் மறுபடி படியும், தடமும் விழும். பையை மூடியபடியே அரை மணி நேரம் முன்னால் உள்ளே வைத்துவிடுங்கள், கண்ணாடி சூடேறியபின் எடுங்கள். இரவு வேனுக்குள் கெமராவை விட்டுவைக்காதீர்கள்.

ஆசீர்வாதப் படங்களில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பாட்டிகள் திருநீறு பூசும்போது பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொழுந்துச் சாறு ஏறிய கறுப்புக் கறை தெரியும், நகக்கண் வரை போயிருக்கும். அல்பம் செய்யும்போது சிலர் அதைத் துடைத்து மினுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த விரல்கள்தான் அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தவை.

வேலை முடிந்து இறங்குவதற்கு முன்பே, அங்கேயே இரண்டு தனித்தனிச் சேமிப்பில் பிரதி எடுங்கள். இரண்டும் ஒரே பைக்குள் போகக் கூடாது. 12×36 அங்குல அல்பத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் மூன்று படம் மட்டும் சிறிதாக அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்: கூறைச் சேலை ஒன்று, தேயிலைக்குப் பக்கத்தில் ஒன்று, டெண்டுக்குக் கீழே எடுத்தது ஒன்று. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அங்கே பிடிபடும், திருத்திவிட்டு முழு அல்பத்தையும் அனுப்பலாம்.