உப்பளப் படமும் சென்சார் சான்றிதழும்

எங்கள் உப்பள ஆவணப்படத்தை ஒருவழியாக அந்த உப்பளத்து மக்கள் முன்னாலேயே போட்டுக் காட்டிவிட்டோம். முதலில் பிடித்த மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் மட்டும் இன்னும் வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். எரிச்சல் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படப்பிடிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிய படம், முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. இரவல் கேமரா, கைமாற்றுப் பணம். விடியுமுன் டார்ச் வெளிச்சத்தில் வேலை தொடங்கிவிடும், நாங்களும் அப்போதே போய் நிற்போம். வெயில் ஏறியதும் உப்பு அடிக்கிற வெளிச்சத்தில் கேமராவே திணறும். அந்த வெளிச்சத்தில் இருபது வருடம் நின்ற அக்காக்களின் கண் என்ன ஆகிறது என்பதுதான் படம்.

முதல் சிக்கல் சவுண்டில் வந்தது. வேலை நேரத்தில் யாராவது ஒருவர் இடுப்பில் போனைச் செருகிப் பாட்டு ஓடவிட்டிருப்பார். பலகையால் உப்பை வாரும் சத்தத்தோடு அந்தப் பழைய பாட்டும் சேர்ந்து கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. டிரெய்லரை யூடியூபில் ஏற்றிய அன்றே காப்பிரைட் கிளெய்ம் வந்தது. உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு மெயில் போட்டோம். அவர்கள் கேட்ட தொகை எங்கள் மொத்தச் செலவையும் தாண்டியது. பாட்டை எடுத்தால் வாரும் சத்தமும் கூடவே போய்விடுகிறது. சரி, சத்தத்தை மட்டும் புதிதாகப் பதிவு செய்யலாம் என்றால் அதற்குள் மழை பிடித்து அளமெல்லாம் தண்ணீர். மழை மாதங்களில் அந்தப் பெண்களுக்கே வேலை கிடையாது, அரசு தருகிற 5,000 ரூபாய் நிவாரணத்தை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். பாத்தி சீராகி மறுபடி உப்பு விளையும்வரை நாங்களும் காத்திருந்தோம். அதனால் சொல்கிறேன், எங்கே படம் பிடித்தாலும் பாட்டை நிறுத்தச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் சத்தத்தைச் சில நிமிடம் தனியாக எடுத்து வையுங்கள்.

எடிட் முடிந்ததும் படத்தில் பேசியவர்களுக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டினோம். கேமரா முன் சம்மதம் சொல்வது வேறு, தன் பேச்சு மற்றவர்களோடு சேர்ந்து எப்படி ஒலிக்கிறது என்று கேட்ட பிறகு சம்மதிப்பது வேறு. படத்திலேயே அதிகம் பேசும் ஓர் அக்கா, "மூஞ்சி இருந்தா இருக்கட்டும் தம்பி, எந்த அளம்னு மட்டும் தெரியக் கூடாது" என்றார். அவர் பின்னால் கம்பெனி போர்டு இருந்தது. மங்கலாக்கினோம்.

அப்புறம்தான் உண்மையான கூத்து. மண்டபத்துக்குப் பணம் கட்டி, நோட்டீசும் அடித்தாகிவிட்டது. கிளம்புகிற நேரத்தில் மேலாளர் போன்: "ஸ்டேஷன்ல இருந்து கேக்கறாங்க, சென்சார் இருக்கா?" நேரே ஸ்டேஷனுக்குப் போனோம்.

"யாரு தம்பி ஃபைனான்ஸ்?" என்றார் ஆய்வாளர்.

"நாங்களேதான் சார்."

"இதுல என்ன லாபம் உங்களுக்கு?"

"லாபம்லாம் ஒண்ணும் இல்ல சார்."

அந்தப் பதில்தான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. லாபம் இல்லாமல் யாராவது படம் எடுப்பார்களா, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தொடங்கி, முகவரி, குடும்பம், படித்த காலேஜ் வரை எல்லாம் விசாரித்தார். அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தை வாங்கி மேஜைமேல் வைத்தாரே தவிர, வாங்கியதற்கு ஒரு சீல் போட்டுத் தரவில்லை. அனுமதி மறுப்பும் எழுத்தில் இல்லை. வாய்வார்த்தையாக "சென்சார் கொண்டாங்க, பாப்போம்". எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் நாளைக்கு நீதிமன்றம் போனாலும் காட்ட ஒன்றும் இருக்காது. ஸ்டேஷனில் கடிதம் கொடுத்தால், அதையே ஒப்புகை அட்டையோடு தபாலிலும் அனுப்பிவிடுங்கள், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு நகலும் சேர்த்து.

இது எங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2017-ல் மலக்குழி மரணங்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' படத்துக்குப் பல ஊர்களில் போலீஸ் அனுமதி மறுத்தது. கடைசியில் அவர் அதை யூடியூபில் போட்டார், லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். எங்களையும் நண்பர்கள் யூடியூபுக்கே போகச் சொன்னார்கள். ஆனால் உப்பளத்து அக்காக்கள் தனித்தனியாகப் போனில் பார்ப்பதால் என்ன நடக்கும்? நூறு பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசினால்தானே ஏதாவது நகரும்?

சென்சாருக்குப் போவதில் கொள்கைச் சண்டை ஒன்று உண்டு. ஒரு குட்டி ஆவணப்படத்துக்காக 1970-ல் உச்ச நீதிமன்றம் வரை போனார் இந்திப் பட இயக்குநர் கே.ஏ. அப்பாஸ். திரையிடுமுன் தணிக்கை செய்வது சட்டப்படி செல்லும் என்றுதான் தீர்ப்பு வந்தது. 2004-ல் மும்பை சர்வதேசப் படவிழா இந்தியப் படங்களுக்கு மட்டும் சென்சார் சான்றிதழ் கேட்டபோது, ஆவணப்படக்காரர்கள் எதிர்த்து நின்று 'விகல்ப்' என்று தனி விழாவே நடத்தினார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் எங்களுக்கு அந்த ஊரில் படம் ஓடியாக வேண்டும். விண்ணப்பித்தோம்.

ஏஜென்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள். "எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று ஒருவர் எங்களிடம் பணம் வாங்கினார். ஆன்லைன் விண்ணப்பத்தை நாங்களே திறந்து பார்த்தபோது கதைச்சுருக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாருடையதோ காதல் குறும்படக் கதை இருந்தது. போன் போட்டால் எடுப்பதில்லை. பிறகு நாங்களே உட்கார்ந்து செய்தோம், அப்படி ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. 72 நிமிடத்துக்கு உட்பட்டது குறும்படக் கணக்கில் வரும். வசனம் முழுவதையும் எழுதித் தயாராக வைத்திருங்கள். வட்டார வழக்கில் பேசுகிற படத்துக்கு அதுதான் பெரிய வேலை. ஒரு பெரியவர் பீடி பிடிக்கும் காட்சி இருந்ததால் புகையிலை எச்சரிக்கையும் சேர்க்க வேண்டியிருந்தது. பீடி தெரிந்தால் திரையில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். கண்ணைப் பறிக்கும் உப்புக்கு அப்படி ஒரு வரியும் கிடையாது.

வெட்டு எதுவும் இல்லாமல் 'யு' வந்தது. முன்பெல்லாம் சான்றிதழுக்குப் பத்து வருடம்தான் ஆயுள், 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு காலவரம்பு கிடையாது. நகல் நிறைய எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள்.

சான்றிதழோடு மண்டபத்துக்குப் போனால், "அந்தத் தேதிக்கு நீங்க வரலையே, அட்வான்ஸ் கழிஞ்சு போச்சு" என்றார் மேலாளர். சண்டை போட்டுப் பார்த்தோம், நடக்கவில்லை. ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கடைசியில் தொழிற்சங்க அலுவலகத்து மொட்டைமாடியில் போட்டோம். கடற்காற்றில் திரை உப்பிக்கொண்டே இருந்தது, கீழ் விளிம்பில் உப்பு மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு நிறுத்தினோம். மஃப்டியில் வந்த காவலர் ஒருவர் சான்றிதழைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தார். போகும்போது, "எங்க அத்தையும் அளத்துக்குத்தான் போனாங்க" என்றார்.

படம் முடிந்து பேச்சு கண்ணில் தொடங்கிக் குடிதண்ணீருக்குப் போய்விட்டது. வீட்டிலிருந்து தூக்கி வரும் தண்ணீர் பத்து மணிக்கே தீர்ந்துவிடுகிறது என்று ஒருவர் சொல்ல, கழிப்பறை இல்லாததால் அந்தத் தண்ணீரையும் குடிக்கப் பயம் என்று இன்னொருவர் சொன்னார். அங்கேயே மனு எழுதி, அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் அவர்களே போய்க் கொடுத்தார்கள். மனு எண்ணை மறக்காமல் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஓர் அளத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். கழிப்பறை வரவில்லை. அதற்கு இரண்டாவது மனு எழுதியிருக்கிறார்கள், பக்கத்து ஊரிலும் படத்தைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அந்த ஊர் வேறு ஸ்டேஷன் எல்லைக்குள் வருகிறது. கடிதத்தைத் தபாலில் அனுப்பியாயிற்று, ஒப்புகை அட்டை இன்னும் திரும்பி வரவில்லை.