தானாகவே கிடார் பழகியவர்கள் தியரியை எங்கிருந்து தொடங்கலாம்

ஆசிரியர் இல்லாமல் கிடார் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் தியரி பக்கம் மனம் போகும். கார்ட்கள் கைக்கு வந்திருக்கும், டேப் (எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்று எண்ணில் எழுதியது) பார்த்து வாசிக்க வரும், பென்டடோனிக் எனும் ஐந்து ஸ்வர ஸ்கேலின் பெட்டி வடிவத்துக்குள் கொஞ்சம் லீடும் வாசிக்க முடியும். ஆனால் ஒரு பாட்டில் அந்த இடத்தில் ஏன் அந்தக் கார்ட் வருகிறது என்று கேட்டால் பதில் இருக்காது. நானும் அந்த வழியில் வந்தவன்தான். பல காலம் வாசித்த பிறகுதான் உட்கார்ந்து தியரி படித்தேன். எந்த வரிசையில் படித்தது உதவியது, எதைத் தள்ளிப் போடலாம் என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

தியரி புத்தகங்கள் பெரும்பாலும் ஐந்து கோட்டு நொட்டேஷனில்தான் தொடங்கும். பியானோ படிப்பவருக்கு அது சரி. தாளில் ஒரு புள்ளி என்றால் கீபோர்டில் அதற்கு ஒரே ஒரு கட்டை. கிடாரில் அப்படி இல்லை. முதல் கம்பியை, அதாவது மிக மெல்லியதை, எதையும் அழுத்தாமல் மீட்டினால் வரும் அதே இ ஸ்வரம், இரண்டாம் கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் கம்பியின் 9ஆம் ஃப்ரெட்டிலும், நான்காம் கம்பியின் 14ஆம் ஃப்ரெட்டிலும் கிடைக்கும். புள்ளியைப் படித்துவிட்டாலும் எங்கே வாசிப்பது என்ற கேள்வி பாக்கி நிற்கும். அதற்குப் பதிலாக கிடார் வேறொரு வசதியைத் தருகிறது. ஒரு வடிவத்தைப் பிடித்தால் அதை அப்படியே மேலும் கீழும் நகர்த்தலாம். பார் கார்ட் பிடிக்கிற எல்லோருக்கும் இது கையளவில் தெரியும். அதனால் ஸ்வரத்தின் பெயரைவிட, ரூட் எனும் ஆதார ஸ்வரத்திலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதில் தொடங்குவதுதான் கிடாருக்குப் பொருந்தும். சரிகமபதநி தெரிந்தவருக்கு இது புதிதே இல்லை. ஸ எந்தச் சுருதியில் நின்றாலும் ப அதற்கு ப-தான். அந்தப் பழக்கத்தோடு கிடாருக்கு வருகிறவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

சரி, தூரத்தை எப்படிப் பழகுவது? ஒரு ஃப்ரெட் என்பது ஒரு செமிடோன். 12 ஃப்ரெட் ஏறினால் ஒரு ஆக்டேவ். ஐந்தாம் கம்பியைத் திறந்து மீட்டினால் 110 ஹெர்ட்ஸ், அதன் 12ஆம் ஃப்ரெட்டில் 220. கம்பியின் நீளம் பாதியானால் அதிர்வு இரட்டிப்பாகும். 12ஆம் ஃப்ரெட் கம்பியின் நடுவில் இருப்பது அதனால்தான். இனி ஏதாவது ஒரு ஸ்வரத்தில் விரலை வைத்து, அதை ரூட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மெல்லிய கம்பியில் அதே ஃப்ரெட் நான்காவது, அதாவது ரூட்டை ஒன்று என்று எண்ணினால் ஸ்கேலில் நான்காம் ஸ்வரம். அங்கிருந்து இரண்டு ஃப்ரெட் மேலே போனால் ஐந்தாவது, அதாவது பவர் கார்டில் தினமும் பிடிக்கிற அதே இடம். அதே கம்பியில் ரூட்டுக்கு ஒரு ஃப்ரெட் பின்னால் மேஜர் மூன்றாவது, இரண்டு ஃப்ரெட் பின்னால் மைனர் மூன்றாவது. ஒரு கம்பியைத் தாண்டி இரண்டு ஃப்ரெட் மேலே போனால் ஆக்டேவ்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மூன்றாம் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பிக்குத் தாண்டும்போது எல்லாமே ஒரு ஃப்ரெட் மேலே தள்ளிப்போகும். மற்ற கம்பிகளுக்கு இடையே ஐந்து செமிடோன் இருக்க, ஜி-க்கும் பி-க்கும் நடுவில் மட்டும் நான்குதான். எல்லாவற்றையும் ஐந்தாகவே வைத்திருந்தால் கடைசி இரண்டு கம்பிகள் சி, எஃப் என்று வந்திருக்கும். நமக்குப் பழகிய எளிய திறந்த கார்ட்களைப் பிடிக்க முடியாது. இந்த ஒரு வளைவுக்கான காரணம் புரிந்துவிட்டால் ஃப்ரெட்போர்டு பற்றிய பயம் பாதி போய்விடும்.

தூரம் பழகியதும் நேரே கார்டுக்குப் போங்கள். இ மேஜர் பிடித்து, மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கும் ஆள்காட்டி விரலை மட்டும் எடுங்கள். இ மைனர் வந்துவிடும். எல்லோரும் செய்வதுதான். ஆனால் எடுத்த விரலுக்குக் கீழே இருந்தது ஜி ஷார்ப், எடுத்த பிறகு ஒலிப்பது ஜி. ரூட்டிலிருந்து பார்த்தால் மேஜர் மூன்றாவது ஒரு ஃப்ரெட் இறங்கி மைனர் மூன்றாவதாகிவிட்டது. ஏ-யிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது இரண்டாம் கம்பியிலும், டி-யிலிருந்து டி மைனருக்குப் போகும்போது முதல் கம்பியிலும் இதேதான் நடக்கிறது. கார்டை மனப்பாடமான விரல் அமைப்பாகப் பார்க்காமல், ஒன்று, மூன்று, ஐந்து என்ற மூன்று ஸ்வரங்களாகப் பார்க்க ஆரம்பிக்கும் இடம் இது. தெரிந்த ஒவ்வொரு திறந்த கார்டிலும் எந்தக் கம்பியில் ஒன்று, எதில் மூன்று, எதில் ஐந்து என்று கண்டுபிடித்து எழுதிப் பாருங்கள். ஜி மேஜரில் ஆறு கம்பியும் ஒலித்தாலும், வழக்கமான பிடிப்பில் அவற்றில் மூன்று கம்பிகள் ஜி-தான் என்று தெரிய வரும்போது அந்தக் கார்டின் கனம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

மேஜர் ஸ்கேலை முதலில் ஒரே கம்பியில் வாசிப்பது நல்லது. பெட்டி வடிவங்களில் கற்றால் விரல் ஓடும், ஆனால் இடைவெளி கண்ணில் படாது. ஒரே கம்பியில் 2, 2, 1, 2, 2, 2, 1 என்று ஃப்ரெட்களை எண்ணிக்கொண்டே ஏறினால், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலும், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவிலும் மட்டும் விரல் நெருங்கி வருவதை உணரலாம். இது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். காதுக்கு ஏற்கெனவே பரிச்சயம் இருப்பதால் தப்பினால் உடனே தெரியும். அப்புறம் அந்த ஏழு ஸ்வரங்களின் மேலும் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று ஸ்வரங்களை அடுக்கினால், ஒன்று, நான்கு, ஐந்து மேஜராகவும், இரண்டு, மூன்று, ஆறு மைனராகவும், ஏழாவது டிமினிஷ்டாகவும் (மைனர் கார்டின் ஐந்தாவது ஒரு ஃப்ரெட் இறங்கியது) வரும். எந்தக் கீயிலும், அதாவது எந்த ஸ்வரத்தை ஒன்றாக வைத்துத் தொடங்கினாலும், இந்த வரிசை மாறாது.

இந்த ஒரு விஷயத்துக்காகவே தியரி படிக்கலாம் என்பேன். ஜி, இ மைனர், சி, டி என்று ஒரு பாட்டு வாசிக்கிறீர்கள். பாடுபவருக்கு அது எட்டவில்லை, இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கச் சொல்கிறார். கேபோ (ஒரு ஃப்ரெட்டில் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மேலே ஏற்றத்தான் உதவும், அதே வடிவங்களை வைத்துக்கொண்டு கீழே இறக்க முடியாது. எண்ணில் யோசிப்பவருக்கு இது சிக்கலே இல்லை. அந்தப் பாட்டு அவருக்கு 1, 6, 4, 5. இறக்கினால் எஃப், டி மைனர், பி ஃப்ளாட், சி. அதைத் திறந்த கார்டாக வாசிக்க வேண்டுமா, கேபோவை 5ஆம் ஃப்ரெட்டில் போட்டு சி, ஏ மைனர், எஃப், ஜி என்று பிடித்தால் போதும். நான் பாட்டுகளை நோட்டில் எழுதும்போது கார்ட் பெயருக்கு மேலே எண்ணையும் எழுதிக்கொள்வேன். கொஞ்ச நாளில் பெயரைப் பார்க்கும் தேவையே குறைந்துவிட்டது. புதிதாகக் கேட்கும் பாட்டிலும் நாலுக்குப் போகிறது, அஞ்சுக்கு வருகிறது என்று காது முன்கூட்டியே சொல்லத் தொடங்கியது.

அடுத்தது, ஒரு கார்ட் இன்னொரு கார்டை ஏன் இழுக்கிறது என்ற கேள்வி. இதற்கு ஜி செவன்த் பிடித்து சி-க்குப் போங்கள், மெதுவாக, மிக மெல்லிய இரண்டு கம்பிகளை மட்டும் கவனித்து. ஜி செவன்த்தில் ஆள்காட்டி விரல் முதல் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கிறது. அது எஃப். பக்கத்து இரண்டாம் கம்பி திறந்து பி ஒலிக்கிறது. சி-க்குப் போகும்போது அந்த விரல் ஒரு கம்பி தாண்டி இரண்டாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டுக்குப் போகிறது. அதனால் முதல் கம்பி திறந்து எஃப் ஒரு செமிடோன் இறங்கி இ ஆகிறது, பி ஒரு செமிடோன் ஏறி சி ஆகிறது. எஃப்-க்கும் பி-க்கும் நடுவில் ஆறு செமிடோன், ஆக்டேவில் சரிபாதி. அந்த நெருடல் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தீர்கிறது. அந்த இரண்டு கம்பிகளை மட்டும் மீட்டிப் பார்த்தாலே, பெரிய கார்ட் எதுவும் இல்லாமல், வீடு வந்து சேர்ந்த உணர்வு கிடைக்கும். டாமினன்ட் (ஐந்தாம் கார்ட்), டானிக் (ஒன்றாம் கார்ட்) என்ற சொற்களைப் புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும், இந்த ஒரு விரல் நகர்வைக் கேட்ட பிறகுதான் அவை மனதில் உட்காரும்.

ஏ மைனரில் இருக்கும் பாட்டுக்குள் இ மேஜர் ஏன் வருகிறது என்பதும் இதோடு சேர்ந்து புரிந்துவிடும். ஏ மைனர் ஸ்கேலில் இயல்பாக இருப்பது ஜி. அது ஏ-யிலிருந்து இரண்டு ஃப்ரெட் தள்ளி இருப்பதால் இழுவை குறைவு. அதை ஜி ஷார்ப் ஆக்கினால் ஏ ஒரு ஃப்ரெட் தூரத்துக்கு வந்துவிடும். ராகமாகச் சொன்னால் நடபைரவியின் நிஷாதம் மாறி கீரவாணி ஆகிறது. மேளகர்த்தா வரிசையில் 20, 21 என்று அடுத்தடுத்து நிற்பவை இவை.

பென்டடோனிக் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். 5ஆம் ஃப்ரெட்டில் வாசிக்கும் ஏ மைனர் பென்டடோனிக்கில் ஏ, சி, டி, இ, ஜி. அதே ஐந்தும்தான் சி மேஜர் பென்டடோனிக். ஒரு நண்பரை, அல்லது போனில் பதிவு செய்ததை, ஏ மைனர் கார்டில் ஓடவிட்டு வாசியுங்கள். பிறகு சி கார்டுக்கு மாற்றி அதே பெட்டியை வாசியுங்கள். எந்த ஸ்வரத்தில் வாக்கியத்தை முடித்தால் நிம்மதியாக இருக்கிறது என்பது மாறிவிடும். பெட்டிக்குள் எது ரூட், எது மூன்றாவது என்று தெரிந்து நிறுத்தினாலே லீடு பேச ஆரம்பிக்கும்.

மோடுகளை, அதாவது மேஜர் ஸ்கேலின் அதே ஸ்வரங்களை வேறொரு ஸ்வரத்தை ரூட்டாக வைத்து வாசிக்கும் ஸ்கேல்களைப் பற்றி இணையத்தில் நிறையப் பேசுகிறார்கள். டோரியன், மிக்ஸோலிடியன் என்ற பெயர்கள் ஈர்க்கும்தான். கீயும் அதன் கார்ட்களும் கைவசம் ஆகும்வரை அவற்றைத் தள்ளி வைப்பது நல்லது என்பது என் கருத்து. அதன் பிறகு பார்த்தால் டோரியன் கரகரப்ரியாவின் ஸ்வரங்கள், மிக்ஸோலிடியன் ஹரிகாம்போதியின் ஸ்வரங்கள் என்று சட்டென்று பிடிபடும். ராகத்தில் கமகமும் பிரயோகமும் சேரும் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஸ்வரத் தொகுதி மட்டும்தான் பொது.

தானாகக் கற்றவர்கள் தாளப் பக்கத்தை அதிகம் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் பல டேப்களில் கால அளவே இருப்பதில்லை. 3/4, 6/8 இரண்டிலும் ஒரு பாருக்குள் (ஒரு தாளச் சுற்றுக்குள்) ஆறு எய்த் நோட்கள், அதாவது முழு நோட்டின் எட்டில் ஒரு பங்கு நீளமுள்ள ஸ்வரங்கள், அடங்கும். முதலாவதில் அவை இரண்டிரண்டாக மூன்று கூட்டம், இரண்டாவதில் மும்மூன்றாக இரண்டு கூட்டம். காலைத் தட்டிக்கொண்டே ஸ்ட்ரம் செய்து இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வாசிப்பது சிறந்த பயிற்சி. மெட்ரோனோம் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

நொட்டேஷன் படிக்க வேண்டுமா? தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் கட்டாயம் வேண்டும். ஏபிஆர்எஸ்எம் (பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியம்) போன்ற அமைப்பில் ஆறாம் கிரேடு முதல் வாசிப்புத் தேர்வுக்குப் போக, ஐந்தாம் கிரேடு தியரி தேர்ச்சியோ அதற்கு ஈடாக ஏற்கப்படும் தகுதியோ முன்நிபந்தனை. அந்தத் தியரித் தேர்வில் கிடார்காரருக்குப் பழக்கமே இல்லாத பாஸ் (bass), ஆல்டோ, டெனர் க்ளெஃப்களும், அதாவது எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று சொல்லும் தொடக்கக் குறிகளும், வரும். இடைவெளிகளும் கார்ட்களும் ஏற்கெனவே கையில் இருந்தால், மிச்சம் இருப்பது அவற்றைத் தாளில் அடையாளம் காணும் பயிற்சி மட்டுமே. அதற்குத் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கினால் போதும். கிடாருக்கு எழுதப்படும் ஸ்வரம் உண்மையில் ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கிறது என்பதை முதலிலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், பிற வாத்தியங்களோடு ஒப்பிடும்போது குழப்பம் வராது.

காது பற்றி ஒரு சின்ன விஷயம். இ மேஜர் பிடித்து அந்த ஜி ஷார்ப் தேனாக இனிக்கும்வரை மூன்றாம் கம்பியைத் தளர்த்திச் சுருதி சேர்த்தால், அடுத்துப் பிடிக்கும் ஜி கார்ட் கெட்டுப்போகும். ஃப்ரெட்கள் ஆக்டேவைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கின்றன, அதில் மேஜர் மூன்றாவது இயற்கையான இடத்தைவிட சுமார் 14 சென்ட் (ஒரு செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) உயரத்தில் இருக்கும். குற்றம் உங்கள் காதில் இல்லை. அங்கே ட்யூனர் காட்டுவதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

தொடங்குபவருக்கு நான் சொல்லும் முதல் வேலை இதுதான். நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒரு பாட்டை எடுங்கள். அதன் கீயைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு கார்டுக்கும் எண் போடுங்கள். எண் வரிசைக்குள் அடங்காத கார்ட் ஏதாவது இருந்தால் அதை வட்டமிட்டு வையுங்கள், அதில் எந்த ஸ்வரம் வெளியிலிருந்து வந்தது என்று தேடுங்கள். பிறகு கேபோ இல்லாமல் அதே பாட்டை வேறு இரண்டு கீயில் வாசியுங்கள். வாசிக்கும்போது ஒவ்வொரு கார்டின் ரூட்டையும் வாய்விட்டுப் பாடுங்கள்.