பரீட்சைத் தேதியை வீட்டில் சொல்லிவிடுங்கள்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா, அம்மாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. ஆனால் அந்தப் படிப்பு ஒரு நாளில் எப்படி நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மதியமே வீட்டுக்கு வந்து லேப்டாப் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் 'சும்மாதானே இருக்கா' என்றுதான் தோன்றும். அம்மா ஏதாவது வேலை சொல்வார், நான் எரிந்து விழுவேன். "காலேஜ் போனதும் வாய் நீண்டுடுச்சு" என்பார். முதல் வருஷம் பாதி இப்படியே போனது.

இரண்டாவது செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்தது. இரண்டு வாரம் மூடி மறைத்தேன். மறுதேர்வுக்குக் கட்டணம் கட்ட வேண்டி வந்தபோதுதான் சொன்னேன். அப்பா திட்டவில்லை. முகம் வெளுத்துப்போய், "அப்போ திரும்பவும் முதல் வருஷத்துல இருந்தாம்மா?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தில் தோற்றால் ஒரு வருஷமே போச்சு. "இல்லப்பா, இந்த ஒரு பேப்பரை மட்டும் திரும்ப எழுதினா போதும், மத்ததெல்லாம் அப்படியே நடக்கும்" என்றேன். பெருமூச்சு விட்டார். தேதியைக் கேட்டு, காலண்டரில் அந்தக் கட்டத்துக்குள் நுணுக்கி நுணுக்கி 'பாப்பா கணக்கு' என்று எழுதினார். அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் என்னை ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை.

அதுவரை நான் எதிர்ப்பு என்று நினைத்ததில் பெரும்பகுதி வெறும் தெரியாமைதான். அதனால் செமஸ்டர் தொடங்கியதுமே தேர்வுத் தேதிகளையும் பிராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாட்களையும் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதி வையுங்கள். இன்டர்னல் என்றால் என்ன, வருகைப் பதிவு குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை பொறுமையாகச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நாள் கூட்டிப்போய் நூலகத்தையும் நீங்கள் உட்காரும் இடத்தையும் காட்டுங்கள். எல்லா வீட்டிலும் இது பலிக்காது. படிப்பையே நிறுத்தச் சொல்லும் வீட்டில், நம்பும் ஓர் ஆசிரியரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, யாரிடமும் சொல்லாமல் பலர் சுமப்பது. வீட்டில் எல்லோரும் உழைக்க, நான் மட்டும் உட்கார்ந்து படிக்கிறேனே என்ற உறுத்தல். ரெபேக்கா கோவருபியாஸ், ஸ்டெஃபனி ஃப்ரைபெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில் இதற்குக் 'குடும்பச் சாதனைக் குற்ற உணர்வு' என்றே பெயர் இருக்கிறது. குடும்பத்துக்குத் தான் உதவிய ஒரு சமயத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னபோது, முதல் தலைமுறை மாணவர்களிடம் அந்த உணர்வு குறைந்ததாம். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நான் செய்யும் உதவி விண்ணப்பம் நிரப்புவது. 'படிச்ச பொண்ணு' என்று உறவுக்காரர்கள் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். முடியாது என்று சொல்ல மனம் வராது, சொல்லவும் வேண்டாம். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் அதற்கென்று ஒதுக்கினேன். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் அதுவும் கிடையாது என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அடுத்த தடவை யாரோ கையில் காகிதத்தோடு வந்தபோது, நான் அறையிலிருந்து எழுந்து வருவதற்குள் அம்மாவே வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவளுக்குப் பரீட்சை. பதினெட்டாம் தேதி முடியுது, அப்புறம் வாங்க."