மலையகத்துக் கூரைக்கு எந்தத் தகரம்?

ஹாட்வெயார் கடையில் நம்மவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான்: எத்தனை கேஜ், என்ன கலர். தகரம் எத்தனை வருஷம் தாங்கும் என்பதற்கு இரண்டிலுமே பதில் இல்லை. கேஜ் என்பது தகட்டின் தடிப்பு, கலர் மேலே அடித்த பெயின்ட். இரும்புக்கும் பெயின்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு உலோகப் பூச்சு இருக்கிறதே, துருவோடு மல்லுக்கட்டுவது அதுதான்.

பழைய தோட்ட லயங்களில் இருப்பது நாகப் பூச்சு, அதாவது சிங்க். சுமார் 450 பாகைச் சூட்டில் உருக்கிய நாகத்தில் இரும்பை முக்கி எடுக்கும் முறை. 1837இல் பிரான்சில் சோரல் என்பவர் காப்புரிமை எடுத்தது. இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவது நாகத்தின் குணம். அதனால்தான் ஆணி அடித்த ஓட்டையும் வெட்டிய விளிம்பும்கூட உடனே துருப்பிடிப்பதில்லை. இப்போது எல்லாரும் வாங்கும் கலர் சீட்டில் பெரும்பாலும் வேறு கலவை: எடையில் 55% அலுமினியம், 43.4% நாகம், 1.6% சிலிக்கன். பெத்லஹெம் ஸ்டீல் என்ற அமெரிக்கக் கம்பெனி 1972இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அலுமினியம் தன் மேல் ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு கரையாமல் கிடப்பதால், ஒரே தடிப்பில் இது நாகத்தைவிட நெடுங்காலம் நிற்கும், ஆனால் வெட்டிய விளிம்பைக் காப்பதில் நாகம்தான் கெட்டி.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனை முக்கால்வாசி கடலோர உப்புக்காற்றைப் பற்றியது. நமக்கு எதிரி ஈரம். நனைந்த நாகம் காய்ந்து, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து சாம்பல் நிறத் தோல் கட்டினால்தான் அதற்குப் பாதுகாப்பு, மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே மாதம் தொடங்கும் மழையில் தகரம் எங்கே காய்வது? கழற்றிப்போட்ட பழைய தகரம் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். வெயில் பட்ட மேடு இன்னும் சாம்பலாக இருக்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்த இடம் மட்டும் பிரவுனாகப் பொரிந்து, விரலை வைத்தாலே ஓட்டை விழும். ஆக, வீட்டுக் கூரைக்கு என் ஓட்டு அலுமினியக் கலவைக்கே.

ஆனால் கிராம் கேட்டு வாங்குங்கள். ஏஇசட் 150 என்றால் ஒரு சதுர மீற்றருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு. பக்கத்துக்கு 20 மைக்ரோன் வரும். இசட் 275 என்ற நாகத் தகரத்திலும் ஏறக்குறைய அதே 20 மைக்ரோன்தான், நாகம் கனமானது என்பதால் எண் பெரிதாகத் தெரிகிறது. விலை குறைந்த கலர் சீட் சிலது ஏஇசட் 70, அதாவது பாதித் தடிப்புகூட இல்லை. பளபளப்பில் இது தெரியவே தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாவிட்டால் தகரத்தின் அடிப்பக்கம் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டுப்பட்டிக்கு மட்டும் இந்தக் கலவை வேண்டாம். சாணியிலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் கிளம்பும் அமோனியா அலுமினியத்தைத் தின்றுவிடும், ஈரச் சீமெந்தும் அப்படித்தான். அங்கே தடித்த நாகத் தகரம் போட்டு அடிப்பக்கம் பெயின்ட் அடித்து, காற்றுப் போக வழி விடுங்கள். அதுவும் சாகாவரம் இல்லை, ஆனால் பரவாயில்லை.

அப்புறம் ஒரு விஷயம், லயங்களில் அடிக்கடி கண்ணில் படுவது. காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்று கூரையின் மேல்பாதிக்கு மட்டும் புதுக் கலர் சீட், கீழே பழைய நாகத் தகரம். பழைய தகரத்தின் மேல் ஓடும் மழைத்தண்ணீர் போகிற வழியில் கொஞ்சம் நாகத்தைக் கரைத்துக்கொள்ளும். புதுச் சீட்டிலிருந்து இறங்கும் தண்ணீரில் அது இருக்காது, அதனால் கீழே சொட்டும் இடத்தில் நாகத்தை வேகமாக அரித்துவிடும். கூரையோரத்து நாகப் பீலியில் விழுந்தாலும் இதே கதி, பிவிசி பீலி என்றால் பயமில்லை. பாதிக் கூரைக்குத்தான் காசு என்றால் கீழ்ப்பாதியை முதலில் மாற்றுங்கள். பழையதிலிருந்து புதியதற்குத் தண்ணீர் இறங்கினால் ஒன்றும் ஆகாது. மேல் தகரத்தின் ஆணியைக் கழற்றித் தூக்கி, புதுச் சீட்டை அடியில் செருக வேண்டும், கூரை வேலை செய்யும் பாஸ் கொஞ்சம் முணுமுணுப்பார், அவ்வளவுதான்.