வண்டிக் கூரையில் எந்த ஆன்டெனா?

வண்டியில் ஹாம் (அமெச்சூர்) ரேடியோ வைத்துப் பேச, 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை ஆன்டெனா (அலைநீளத்தில் கால் பங்கு உயரக் கம்பி) என்றால் சுமார் 50 செ.மீ. கம்பி, 435-க்கு 16 செ.மீ. போதும். நீளமான 5/8 அலை சமவெளியில் தூரம் எடுக்கும். மலைப்பாதையிலோ கால் அலையே தேவலை.

எதை வாங்கினாலும் கூரையின் நடுவில் வையுங்கள். கீழே இருக்கும் தகடுதான் ஆன்டெனாவின் மறுபாதி. பம்பரில் மாட்டினால் அதில் பெரும்பங்கு போச்சு. காந்த அடி வசதிதான், ஆனால் அலுமினியத்தில் ஒட்டாது, அடியில் மணல் சேர்ந்தால் பெயின்டைக் கீறும்.

கேபிள் கதவிடுக்கில் நசுங்கி, உறை கிழிந்து, மழைநீர் இறங்கினால் கதை வேறு. ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் நல்ல, அதாவது குறைந்த, எண்ணே காட்டும். சக்தியோ கேபிளிலேயே சூடாகிக் கரையும்.

எஸ்.டபிள்யூ.ஆர். 1.5-க்குள் இருக்கட்டும். குறைந்த அதிர்வெண் பக்கம் அது இறங்கினால் கம்பியின் நீளம் அதிகம் என்று பொருள்; 2 மி.மீ. வீதம் வெட்டி, கதவுகளை மூடி அளந்து பாருங்கள்.