அழித்து எழுதிய பூ

எந்தப் புதர் எப்போது பூக்கிறது என்று நாங்கள் குறித்துவைக்கும் அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். 14ஆம் எண் புதர், ஜனவரி 28. பென்சிலால் 'பூ' என்று எழுதி, அழித்து, அதன் மேலேயே 'மொக்கு' என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் வாராவாரம் எங்களோடு காட்டுக்கு வரும் தன்னார்வலர், எழுபதைத் தாண்டியவர். அழிக்கச் சொன்னது நான்.

"பூவுக்குள் மகரந்தத் தாள் தெரிந்ததா?"

"தெரிந்தது."

"எத்தனை பூ?"

"ஒன்றுதான்."

"ஜனவரியிலா? மொக்கு என்றே போட்டுவிடுங்கள்."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். மறுபேச்சு பேசாமல் ரப்பரை எடுத்தார்.

கனடாவின் வான்கூவர் தீவின் மேற்குக் கரையில், நாங்கள் கவனிக்கும் சாமன்பெர்ரி என்ற காட்டுப் பழப்புதர் மார்ச் வாக்கில்தான் பூத்துக் குலுங்கும். இலை முழுதாக விரிவதற்குள்ளேயே அடர் ரோஸ் நிறப் பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும். மெக்சிகோவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ரூஃபஸ் ஹம்மிங்பறவைகள் வருவதும் அதையொட்டித்தான். மே, ஜூனில் பழம். ஒரு புதரில் ஆரஞ்சு, பக்கத்துப் புதரில் சிவப்பு. அப்போது பாடவரும் ஸ்வெயின்சன் பூங்குருவியை இந்தக் கரையின் பூர்வகுடிகள் சிலர் சாமன்பெர்ரிப் பறவை என்றே அழைக்கிறார்கள். இந்த வரிசையில் எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலையே.

மழை கொட்டியது, வெளிச்சம் மங்கிவிட்டது. பிப்ரவரியில் பூத்து நான் பார்த்ததுண்டு, ஜனவரியில் பார்த்ததில்லை. தப்பான ஒரு தேதி பல வருஷப் பதிவைக் குழப்பிவிடும். இதெல்லாம் நிஜம்தான். ஆனால் மகரந்தத் தாள் தெரியும்படி ஒரு பூ விரிந்திருந்தாலே 'பூ' என்று எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். புதர் இருநூறு அடி தூரத்தில் இருந்தது. நடந்துபோய்ப் பார்த்திருக்கலாம்.

அடுத்த வாரம் தனியாகப் போனேன். காம்பில் பூவைத் தாங்கும் புல்லி மட்டும் இருந்தது. கீழே, நனைந்த பெரணி இலையில் ஓர் இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது, நகத்தளவு, ஓரம் பழுத்து. அன்றன்று கண்டதை மட்டுமே எழுத வேண்டும் என்பதால் பழைய தேதியைத் திருத்தவில்லை. குறிப்புக் கட்டத்தில் 'இதழ் ஒன்று' என்று எழுதினேன். அது போதுமா?

ஒரே ஒரு பூ, ரூஃபஸ் வருவதற்கு வெகு முன்பே. யாருக்கு என்ன பயன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஆனாஸ் ஹம்மிங்பறவை குளிர்காலத்திலும் இங்கேயேதான் இருக்கிறது. அது வந்து தேன் குடித்திருக்கலாம். அப்படிப் பார்த்தால் அந்த ஒரு பூதான் அந்த வாரத்தின் முக்கியமான பதிவு. இல்லை, ஒரு பூவை வைத்து அவ்வளவு சொல்ல முடியாது. இரண்டுமே சரியாகத்தான் படுகிறது.

அவரிடம் இதழைப் பற்றிச் சொன்னேன். "பரவாயில்லை" என்றார்.

இப்போதும் வருகிறார். முன்பெல்லாம் தாமாகவே எழுதிவிடுவார். இப்போது பென்சிலைப் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டு, "இதைப் பூ என்று போடலாமா?" என்று கேட்கிறார். போன வாரமும் கேட்டார். ஐந்து இதழும் முழுசாக விரிந்திருந்தன.