எள் ரகங்களில் மகசூல் வேறுபாட்டை அளக்கும்போது

எள் ரகங்களை அருகருகே விதைத்து ஒப்பிடும்போது, பாதித் தவறு கலைப்பிலேயே, அதாவது நெருங்கி முளைத்த செடிகளைப் பிடுங்கி இடைவெளி விடும்போதே, நடந்துவிடுகிறது. நான்கு பங்கு மணல் கலந்து விதைத்தாலும் கொத்துக் கொத்தாகத்தான் முளைக்கும். 15ஆம் நாள் 15 செ.மீ.க்கு ஒன்று, 30ஆம் நாள் 30 செ.மீ.க்கு ஒன்று என்று கலைத்துவிட வேண்டும். நெருக்கத்தில் கிளை விடாத செடியை ‘கிளை குறைந்த ரகம்’ என்று எழுதிவைத்தால் மேற்கொண்டு போடும் கணக்கெல்லாம் கோணல்தான்.

பாத்திக்கு 5 செடி, ஓர வரிசையைத் தவிர்த்து, அளப்பதற்கான அடையாளமாகப் பூக்கும் முன்பே நூல் கட்டுங்கள். காய் பிடித்தபின் கட்டினால் கை தானாக நல்ல செடிக்கே போகும். தத்துப்பூச்சி பரப்பும் பூவிலை நோய் (பூக்கள் இலைபோல மாறிவிடும் நோய்) வந்த செடியின் காயைச் சராசரியில் சேர்க்காமல், நோய் கண்ட செடிகளைத் தனியே குறியுங்கள். அடிக்காய் மஞ்சளானதும் அறுத்து, துணிப்பையில் கட்டிக் காயவையுங்கள். வெடித்துக் கொட்டிய எள்ளை எந்தச் சூத்திரமும் திருப்பித் தராது.

கணக்கு எளிது. 3 மறுசெய்கை (ஒவ்வொரு ரகத்தையும் மூன்று பாத்திகளில் விதைப்பது), செடிக்கு மகசூல் சராசரி 12 கிராம், பரவற்பகுப்பில் (வேறுபாட்டை ரகத்தால் வந்தது, பிழையால் வந்தது என்று பிரிக்கும் கணக்கில்; ANOVA) ரகங்களுக்கான சராசரி வர்க்கம் 30, பிழைக்கு 6 என்று வைத்துக்கொள்வோம். மரபு மாறுபாடு (30−6)÷3 = 8; மொத்தம் 8+6 = 14. மரபுவழித் திறன், அதாவது மொத்த மாறுபாட்டில் மரபின் பங்கு, 8÷14 = 57%. உச்ச 5% ரகங்களைத் தேர்ந்தால் கிடைக்கும் முன்னேற்றம் 2.06×0.57×3.74 (2.06 என்பது 5% தேர்வுக்கான மாறிலி, 3.74 என்பது 14-இன் வர்க்கமூலம்), அதாவது 4.4 கிராம்; சராசரியில் சுமார் 37%. மரபுவழித் திறனை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். பூக்கும் நாளுக்கு அது அதிகமாக வரும், முன்னேற்றமோ சொற்பமாக இருக்கும். இரண்டும் சேர்ந்து உயரும் குணம் எது என்று தேடுங்கள். காய் எண்ணிக்கையை முதலில் பாருங்கள்.

தேர்ந்த ரகங்களை ஒட்டுச் சேர்க்க (ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவில் தடவிக் கலப்பினமாக்க) எள் தோதான பயிர். மகரந்தத் தாள்கள் அல்லிக் குழாயோடு ஒட்டியிருப்பதால், மறுநாள் விரியவிருக்கும் வெளுத்த மொட்டை மாலையில் நேராக இழுத்தால் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். சாய்த்து இழுத்தால் மகரந்தத்தை ஏற்கும் சூல்தண்டு ஒடியும். மிச்சமுள்ள சூல்தண்டை, ஒரு முனை மடித்த உறிஞ்சுகுழல் துண்டால் மூடி, காலையில் மகரந்தம் தடவி மறுபடி மூடுங்கள்.

வெள்ளை எள் ரகமான எஸ்விபிஆர் 1 தாயாகவும் கறுப்பு எள் தந்தையாகவும் இருந்தால், அந்தக் காயில் வெள்ளை விதைதான் வரும். ஒட்டு விழவில்லை என்று எறிந்துவிடாதீர்கள், விதைத்தோல் தாய்ச்செடியினுடையது. அந்த விதையை முளைக்கவைத்து, அச்செடி தரும் எள்ளின் நிறத்தைப் பாருங்கள்; ஒட்டு விழுந்ததா என்பதை அதில்தான் பார்க்க வேண்டும்.